கம்பத்தில் கரண்ட் இருக்கிறது, வேனில் நிற்க மாட்டேன் என்கிறது: கேம்ப்சைட் கரண்ட் இணைப்பு (ஹுக்-அப்) பற்றி ஒரு கேள்வி

சாரல்_லெஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. சுருக்கிச் சொன்னால் "அதைச் சொல்லவே இல்லையே" என்று கேட்பீர்கள், அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு பழைய கேம்பர்வேன் வாங்கினோம். ஃபியட் டுகாட்டோ, 2010 மாடல். கேஸ், 12 வோல்ட், மெயின்ஸ் கரண்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். ஈஸ்டர் விடுமுறைக்கு அவரையும் பையனையும் ஏற்றிக்கொண்டு முதல் பயணமாக இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம். எம்6 நெடுஞ்சாலையில் 40ஆவது ஜங்ஷனில் இறங்கி, ஏ66 பிடித்து, கெஸ்விக் பக்கம் ஒரு கேம்ப்சைட். போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி. ஸ்கிட்டா மலை உச்சியில் இன்னும் பனி இருந்தது, அவ்வளவு குளிர்.

பிட்ச், அதாவது வேன் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், அதில் நான்கு நீல நிற சாக்கெட். "10 ஆம்ப்" என்று ஒரு ஸ்டிக்கர். வேனோடு வந்த ஆரஞ்சு கேபிளை மாட்டினோம். எல்லாம் வேலை செய்தது. 2000 வாட் ஃபேன் ஹீட்டரைப் போட்டேன். மாமியார் காபி கேட்டார், வீட்டிலிருந்து கொண்டுபோன 3000 வாட் கெட்டிலையும் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எல்லாம் நின்றுவிட்டது. வேனில் எந்த சுவிட்சும் விழவில்லை. கம்பத்தில்தான் விழுந்திருந்தது. வார்டன் வந்து சாவி போட்டுத் திறந்து ஆன் செய்துவிட்டு, வீட்டுக் கெட்டிலை இங்கே போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, அது என் தப்பு, புரிகிறது.

அதன் பிறகு ஹீட்டர் மட்டும் மூன்று மணி நேரம் அமைதியாக ஓடியது. ஒன்பது மணி வாக்கில் மாமியார் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தால், இட்லி மாவு பொங்கி டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வண்டி ஓடும்போது 12 வோல்ட்டில் வைத்த ஃபிரிட்ஜ் குமிழை மாற்ற மறந்துவிட்டோம். உடனே மெயின்ஸ் குறிக்கு, அதாவது அந்தச் சின்ன பிளக் படத்துக்கு, திருப்பினேன். பச்சை விளக்கு வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

பத்து நிமிஷம் கழித்து, ஹீட்டர் தானாக நின்று மறுபடி "டிக்" என்று ஆன் ஆகும் இல்லையா, அந்த நொடியில் வேனின் ஆர்சிடி, அதாவது கரண்ட் ஒழுகினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்தது. தூக்கிவிட்டேன், ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் மறுபடி விழுந்தது. 1000 வாட்டுக்குக் குறைத்தேன், அப்போதும் விழுந்தது. ரைஸ் குக்கர் போட்டாலும் விழுகிறது. ஆனால் ஃபோன் சார்ஜர் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. இன்னொரு வேடிக்கை: சில தடவை வேனில் விழுகிறது, சில தடவை கம்பத்தில் விழுகிறது. பதினொரு மணிக்கு மூன்றாவது தடவையாக வார்டன் கதவைத் தட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. "கோளாறு உங்கள் வேனில்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஃபிரிட்ஜ்தான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. அதற்குரிய எம்சிபியை, அதாவது சுமை கூடினால் விழும் சின்ன சுவிட்சை, அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது. ஆகவே ஃபிரிட்ஜ் இல்லை. ஹீட்டரும் ரைஸ் குக்கரும் வீட்டில் இன்று வரை நன்றாக ஓடுகின்றன. அன்று இரவு இரண்டு டிகிரி குளிரில் நான்கு பேரும் எல்லா ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு தூங்கினோம். மறுநாள் காலையே கிளம்பி வந்துவிட்டோம்.

கம்பத்தில் கோளாறா, வேனிலா? வீட்டு வாசலில் வைத்து நானே சோதிக்க முடியுமா? மே கடைசியில் மறுபடி போவதாக இருக்கிறோம்.


ஹைவேராஜா எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. சுலபமான வழி: கேபிள் முனையில் பச்சை-மஞ்சள் வயரை மட்டும் கழற்றிவிடுங்கள். ஆர்சிடி அப்புறம் விழவே விழாது. இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.


பழைய_வயர்மேன் எழுதியது:

முதலில் ஹைவேராஜாவுக்கு. தம்பி, அது எர்த் வயர், இன்றைக்கே அதைத் திருப்பி மாட்டுங்கள். உங்கள் வண்டி ரப்பர் டயர் மேல் நிற்கும் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே எங்கேயாவது லைவ் வயர் பாடியில் பட்டால், எர்த் இருந்தால் அந்தக் கணமே ட்ரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் வண்டி முழுக்க 230 வோல்ட் ஏறிக்கொண்டு சும்மா நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்து யார் கதவுப் பிடியைத் தொடுகிறார்களோ, அவர்தான் அப்போது எர்த் வயர். அதற்கப்புறம் ஆர்சிடி விழலாம், விழாமலும் போகலாம். அதை உங்கள் பிள்ளையை வைத்தா சோதிப்பீர்கள்? இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

இப்போது தங்கச்சி சாரலுக்கு. நான் ஈரோட்டில் வயர்மேனாக இருந்து, அப்புறம் இங்கே வந்து அதே தொழிலைப் படித்துச் செய்தவன். இப்போது ஓய்வு. வேன் வைத்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் எழுதியிருப்பதில் எல்லாமே இருக்கிறது, ஒரே ஒரு விவரத்தைத் தவிர. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உங்களுக்கு அன்று நடந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. இரண்டையும் "ட்ரிப் ஆனது" என்று ஒரே சொல்லில் சொல்வதால்தான் குழப்பம்.

முதல் தடவை விழுந்தது எம்சிபி. அது சுமையை மட்டும் பார்ப்பது. 10 ஆம்ப் பிட்ச் என்றால் 2300 வாட், 16 ஆம்ப் என்றால் 3680. நீங்கள் போட்டது 5000 வாட், அதாவது கிட்டத்தட்ட 22 ஆம்ப். உங்கள் வேனில் சாக்கெட்டுக்கான எம்சிபி 16 ஆம்ப்பாக இருக்கும், அது இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கும். கம்பத்தில் இருப்பது 10, அதனால் அது முந்திக்கொண்டது. இதில் கோளாறு எதுவும் இல்லை.

இரண்டாவது விழுந்தது ஆர்சிடி. அதற்குச் சுமை பற்றி அக்கறையே கிடையாது. அது ஒரு கணக்குப்பிள்ளை. லைவில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லிஆம்ப் குறைந்தால், "எங்கேயோ ஒழுகுகிறது" என்று கடையை மூடிவிடும். 1000 வாட் என்பது நாலரை ஆம்ப்கூட இல்லை. 10 ஆம்ப் கம்பத்தில் அதற்கே விழுகிறது என்றால் அது சுமையால் விழவில்லை, ஒழுகலால் விழுகிறது. கம்பத்திலும் உங்கள் சாக்கெட்டுக்கு என்று ஒரு 30 மில்லி ஆர்சிடி இருக்கும். வேனில் இருப்பதும் 30 மில்லி. ஒரே கண்டிப்புள்ள இரண்டு கணக்குப்பிள்ளைகள், அன்றைக்கு எவன் முந்துகிறானோ அவன் மூடுவான். அதனால்தான் சில தடவை அங்கே, சில தடவை இங்கே.

சரி, ஒழுகல் எங்கே? பெரிய சாமான் போட்டால் விழுகிறது, ஃபோன் சார்ஜர் போட்டால் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. லைவ் வயர் எங்கேயாவது உரசியிருந்தால், எதையும் போடாமலே விழும். இது நியூட்ரல் எர்த்தில் படும் கோளாறு. நியூட்ரலை வயலிலிருந்து தண்ணீர் திரும்புகிற வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஓரிடத்தில் உடைப்பு. கொஞ்சமாகத் தண்ணீர் ஓடும்போது உடைப்பு மட்டத்துக்கு எட்டாது, ஒன்றும் தெரியாது. வெள்ளம் வந்தால் உடைப்பு வழியாகப் பக்கத்து வயலுக்குப் போகும். ஃபோன் சார்ஜர் கொஞ்சத் தண்ணீர். ஹீட்டர் வெள்ளம். ஹீட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீங்கள் ஏமாந்த இடம் ஃபிரிட்ஜ் எம்சிபியை அணைத்த இடம். இந்த வயதுள்ள வேன்களில் எம்சிபி பெரும்பாலும் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலைத் தொடாது. சாமானின் நியூட்ரல் எப்போதும் கூட்டத்தோடு கூட்டமாக இணைந்தே இருக்கும். எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடிக்கும் வழி லைவ் ஒழுகலுக்கு நன்றாக வேலை செய்யும். நியூட்ரல் ஒழுகலுக்கு உதவாது, பிளக்கைப் பிடுங்கியே பார்க்க வேண்டும், அல்லது இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் சுவிட்சை அணைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் குமிழ் பெரும்பாலும் அப்படிப்பட்ட சுவிட்ச்தான்.

இப்போது அந்தக் கேள்வி: எம்சிபியை அணைத்துச் சோதித்தபோது ஃபிரிட்ஜ் குமிழ் எந்தக் குறியில் இருந்தது?

இன்னொன்று. ஆரஞ்சு கேபிளை எப்படி வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. என் கதையைச் சொல்கிறேன். முதல் வருஷம் வேல்ஸில் ஒரு வயல்வெளியில் நிறுத்தியிருந்தேன். கம்பம் ஐந்து அடி தூரத்தில். எனக்கோ 25 மீட்டர் கேபிள். மிச்சத்தை யார் பிரிப்பது என்று பிளாஸ்டிக் உருளையிலேயே சுற்றி விட்டுவிட்டேன். இரவெல்லாம் 2000 வாட் ஹீட்டர். விடிகாலையில் பொம்மை எரிந்த மாதிரி ஒரு வாடை. வெளியே போய்ப் பார்த்தால் உருளையின் நடுவில் நான்கைந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. வீட்டில் வயரிங் செய்யும்போது இருபது பேருக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம் இது, எனக்கே நடந்தது. ஒற்றையாகக் கிடக்கும் கேபிள் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். சுற்றிய கேபிளின் உள்சுற்றுக்கு விட இடம் கிடையாது. இப்போதெல்லாம் ஐந்து அடி தூரமானாலும் முழுதும் பிரித்து, வண்டிக்கு அடியில் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்டுவிடுவேன். கேபிள்மேல் எழுத்து இருக்கும், பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டும். 1.5 என்று இருந்தால் ஹீட்டருக்கு வேண்டாம்.

மாட்டும் வரிசையும் முக்கியம். வேனின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். முதலில் வேன் பக்கம், கடைசியில் கம்பம். சில கம்பங்களில் செருகி வலப்பக்கம் திருப்பினால்தான் பிடிக்கும், கரண்ட் வரும். அப்புறம் மெயினைப் போட்டு, ஆர்சிடியில் உள்ள "டி" (டெஸ்ட்) பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். விழுந்தால் நல்லது, தூக்கிவிட்டு ஒவ்வொரு சாமானாகப் போடலாம். கழற்றும்போது மெயினை அணைத்துவிட்டு முதலில் கம்பம், பிறகு வேன். காரணம் ஒன்றுதான்: கரண்ட் உள்ள முனை ஒரு நொடிகூடக் கையிலோ புல்லிலோ கிடக்கக் கூடாது.


சாரல்_லெஸ்டர் எழுதியது:

வயர்மேன் அண்ணா, படித்ததும் எழுந்து வேனுக்கே போய்விட்டேன். குமிழ் பிளக் குறியில்தான் இருந்தது, இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. எம்சிபியை மட்டும்தான் அணைத்தேன், குமிழைத் தொடவே இல்லை. அன்று ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடியபோது குமிழ் 12 வோல்ட்டில் இருந்தது என்பதும் இப்போதுதான் உறைக்கிறது!

கேபிள்: வெட்கத்தோடு சொல்கிறேன், பாதி சுற்றியபடியே படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது. 2.5 என்றுதான் எழுதியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், எங்கேயும் ஒட்டவில்லை.

வரிசையும் தப்பு. என் கணவர் முதலில் கம்பத்தில் மாட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தார். நான் இதை வீட்டில் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

மூன்று விளக்கு எரியும் ஒரு சாக்கெட் டெஸ்டர் வாங்கியிருக்கிறேன். வேன் சாக்கெட்டில் செருகினால் "சரி" என்று காட்டுகிறது. அப்படியானால் வயரிங் சரி என்றுதானே அர்த்தம்? வீட்டு வாசலில் 13 ஆம்ப் பிளக் உள்ள அடாப்டர் வைத்துத்தான் செருகினேன். இங்கேயே ஹீட்டர் போட்டுச் சோதிக்கலாமா?


கடுகு எழுதியது:

அக்கா, நான் பாரிசில் இருக்கிறன், எங்களிட்டயும் ஒரு வான் இருக்கு. அந்த மூன்று விளக்கு டெஸ்டரை நம்பி இருக்க வேண்டாம். அது லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் காட்டும், எர்த் இல்லாவிட்டால் காட்டும். நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தாலோ, ஒன்றோடு ஒன்று பட்டிருந்தாலோ அதுக்குத் தெரியாது. மூன்று விளக்கும் வடிவாக எரியும்.

ஆனால் வானில் கட்டாயம் வைத்திருங்கோ. கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தேவைப்படும். பிரான்சில சில பழைய கேம்பிங்குகளில இன்னும் நீல சாக்கெட் இல்லை, வீட்டுச் சாக்கெட்தான், அதுக்கு வேற அடாப்டர் வேணும். அங்கே லைவும் நியூட்ரலும் மாறியும் வரும். இங்கத்தைய வான்களில சுவிட்ச் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும், பிரச்சினை இல்லை. இங்கிலாந்து வானில சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும். மாறி வந்தால், அணைச்ச சாமானிலயும் கரண்ட் நிற்கும். நான் மாற்றிப் பூட்டின இன்னொரு சின்ன அடாப்டர் ஒன்று வைத்திருக்கிறன். டெஸ்டர் "மாறியிருக்கு" எண்டு காட்டினால் அதை இடையில போடுவன்.

ஆம்ப்பையும் பார்த்து புக் பண்ணுங்கோ. 6 ஆம்ப் எண்டு இருக்கும், அது 1380 வாட்தான். போன வருஷம் ஹீற்றரும் றைஸ் குக்கரும் சேர்த்துப் போட்டு நானும் உங்களைப் போல இருட்டில இருந்தனான்.


பழைய_வயர்மேன் எழுதியது:

கடுகு சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அந்த மாற்றி அடாப்டரில் "லைவ்-நியூட்ரல் மாற்றியது" என்று பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். சரியான கம்பத்தில் தெரியாமல் அதைப் போட்டால் நீங்களே கோளாறை உண்டாக்கியதாகிவிடும்.

சாரல், வீட்டு வாசலைப் பற்றிக் கொஞ்சம் கவனம். இங்கே பல வீடுகளில் எர்த் என்பது தெருவிலிருந்து வரும் நியூட்ரலோடு சேர்ந்தே வருகிறது. வீட்டுக்குள் அது பாதுகாப்பானதுதான், தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். தெருவில் அந்த நியூட்ரல் அறுந்தால் வீட்டின் எர்த்தில் வோல்ட்டேஜ் ஏறும். உள்ளே இருப்பவருக்குத் தொடுகிற எல்லாம் ஒரே வோல்ட்டேஜில் இருப்பதால் தெரியாது. வாசலில் நிற்கும் வேனின் பாடியும் அந்த எர்த்தோடு இணைந்திருக்கிறது, ஆனால் அதைத் தொடுபவர் மண்ணில் நிற்கிறார். அதனால்தான் 2002ஆம் ஆண்டின் மின்விநியோக விதிகளில், அப்படிச் சேர்ந்து வரும் நியூட்ரல்-எர்த்தைக் கேரவன், படகு இவற்றின் உலோகப் பகுதியில் இணைக்கக் கூடாது என்றே இருக்கிறது. கேம்ப்சைட்டில் அவர்களே மண்ணில் கம்பி அடித்துத் தனி எர்த் வைத்திருப்பார்கள். வாசலில் அடிக்கடி மாட்டுவதாக இருந்தால், ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து ஆர்சிடியும் தனி எர்த் கம்பியும் உள்ள நீல சாக்கெட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் சோதனைக்கு வாசல் வேண்டாம். பக்கத்தில் எங்கேயாவது ஒரு கேம்ப்சைட்டில் ஒரு இரவுக்குப் போங்கள். கேபிளை முழுதும் பிரித்து, வரிசைப்படி மாட்டி, ஃபிரிட்ஜ் குமிழைக் கேஸுக்குத் திருப்பிவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். நின்றால், குமிழைப் பிளக் குறிக்குத் திருப்புங்கள். அப்போது ஆர்சிடி விழுந்தால் முடிந்தது, ஃபிரிட்ஜ்தான். குமிழைத் தாண்டி உள்ளே போகும் வயரில் எங்கேயோ நியூட்ரல் பாடியில் படுகிறது. அதைத் திறக்கும் வேலை உங்களுடையது அல்ல. பக்கத்திலேயே கேஸ் பர்னர் இருக்கிறது.


சாரல்_லெஸ்டர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஒரு இரவு பீக் டிஸ்ட்ரிக்ட்டில் தங்கினோம். கணவர் கேபிளைப் பிரித்துப் பாம்பு மாதிரி போட்டார், கம்பத்தைக் கடைசியில்தான் தொட்டார், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே. குமிழ் கேஸில் இருந்தபோது ஹீட்டர் ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. பையன்தான் குமிழைத் திருப்பினான். "டப்". அவனுக்கு ஒரே சந்தோஷம், திரும்பத் திரும்பச் செய்து பார்க்கக் கேட்டான். அன்றிரவு ஃபிரிட்ஜைக் கேஸிலேயே விட்டுவிட்டோம், ஹீட்டர் விடியும்வரை ஓடியது.

அடுத்த வாரம் கேம்பர்வேன் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். வேனின் வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஜன்னலைக் கழற்றி, டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். உள்ளே கரி பிடித்த ஒரு குழாய், கேஸ் புகை போகும் வழியாம். அதை ஒட்டி, சூடேற்றும் எலிமெண்டுக்குப் போகும் இரண்டு வயர்கள். அவற்றின்மேல் ஒரு வெள்ளைத் துணிக்குழாய் போர்த்தியிருக்க வேண்டுமாம், அது நழுவிக் கீழே இறங்கிக் கிடந்தது. பிரவுன் வயர் முழுசாக இருந்தது. நீல வயரில், அதாவது நியூட்ரலில், அரை அங்குலத்துக்கு உறை உருகி, உள்ளே செம்பு பளபளவென்று தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது மாதிரியே இருந்தது அண்ணா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்பு வைத்திருந்தவர் ஃபிரிட்ஜைக் கேஸிலேயே ஓட்டியிருப்பார், அந்தச் சூட்டில் உருகியிருக்கும் என்றார். எலிமெண்ட் வயரோடு சேர்ந்தே வருகிறது, புதிதாக மாற்றிவிட்டார். மீட்டர் வைத்து இன்சுலேஷன் சோதித்துக் காட்டினார். எம்சிபிகள் இருக்கும் பெட்டியை (கன்ஸ்யூமர் யூனிட்) திறந்து பார்த்து, எம்சிபிகள் லைவை மட்டும்தான் வெட்டுகின்றன என்பதையும் உறுதி செய்தார். இரண்டையும் வெட்டும் வகைக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதி அனுப்புகிறாராம், அதற்கு முன்னால் வாசலுக்கு நீங்கள் சொன்ன நீல சாக்கெட் போடப் போகிறோம்.

மே கடைசிப் பயணம் அதே கெஸ்விக், அதே கேம்ப்சைட். வார்டன் எங்கள் வண்டி நம்பரைப் பார்த்ததும் கம்பத்துச் சாவியை எடுத்துக்கொண்டே வந்தார். மூன்று இரவும் அவருக்கு வேலை வைக்கவில்லை. வீட்டுக் கெட்டிலை விட்டுவிட்டு 900 வாட்டில் ஒன்று வாங்கினேன். ஒரு லிட்டர் கொதிக்க ஏழு நிமிஷம் ஆகிறது. "இதற்கு விறகு அடுப்பே தேவலை" என்கிறார் மாமியார். ரைஸ் குக்கரில் தட்டு வைத்து இட்லி வேக வைத்தோம், ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான்.


பழைய_வயர்மேன் எழுதியது:

கழற்றிய பழைய எலிமெண்ட் கையில் இருந்தால் அந்த நீல வயரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் தங்கச்சி. ஹைவேராஜா, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எர்த்தை மாட்டிவிட்டீர்களா?


ஹைவேராஜா எழுதியது:

மாட்டிவிட்டேன் அண்ணே. மாட்டியதும் விழுகிறது. ஃபிரிட்ஜ் குமிழ் கேஸில்தான் இருக்கிறது, ஹீட்டர் எதுவும் போடவில்லை, சும்மாவே விழுகிறது.


பழைய_வயர்மேன் எழுதியது:

சும்மாவே விழுகிறது என்றால் உங்களுடையது லைவ். அந்த வேனை இனி கம்பத்தில் மாட்டாதீர்கள். எம்சிபி எத்தனை, ஒவ்வொன்றிலும் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று தனி இழையில் எழுதுங்கள், அங்கே வருகிறேன்.